ஒரு 'ஓகே'யும் 583 உயிர்களும்

டெல்லிக்கு வந்த புதிதில் நடந்தது. பக்கத்து வீட்டு பஞ்சாபிக் குடும்பத்தில் சாயங்காலம் டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது, நம்ம ஊர் வழக்கப்படி 'வரேன்' என்பதை அப்படியே ஹிந்தியில் போட்டு "மை ஆத்தா ஹூம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டுகிறார். "வரேன்னு சொல்லிட்டுப் போனியே பேட்டா, எல்லாரும் சாப்பிடாம காத்திட்டிருக்கோம்" என்கிறார். என் வாய் ஹிந்தி பேசியது, மூளை தமிழ் பேசியிருக்கிறது! எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நல்ல ராஜ்மா சாவல் கிடைத்தது :-)

இதே மாதிரி ஒரு குழப்பம் விமான ஓடுபாதையில் நடந்தால்? நடந்திருக்கிறது. விமான வரலாற்றிலேயே மிக அதிகம் பேரைக் கொன்ற விபத்து அது. இரண்டு விமானங்களும் மோதியது நடுவானத்தில் இல்லை. ஓடுபாதையில்தான்.

1977, மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை. ஆப்பிரிக்காவை ஒட்டி அட்லாண்டிக் கடலில் ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகள். அதில் ஒன்றான கிரான் கனேரியாவின் விமான நிலையத்தில் பிரிவினைவாதிகள் குண்டு வைத்துவிட்டார்கள். அங்கே இறங்க வேண்டிய விமானங்களை எல்லாம் பக்கத்துத் தீவான டெனரீஃபில் இருந்த லாஸ் ரோடியோஸ் என்ற சின்ன நிலையத்துக்குத் திருப்பினார்கள். வந்தவற்றில் இரண்டு ஜம்போ 747கள். ஒன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த டச்சு கேஎல்எம். இன்னொன்று லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க் வழியாக வந்த அமெரிக்க பான் ஆம்.

ஒரே ஓடுபாதை. இணைப்புப் பாதையை அடைத்துக்கொண்டு விமானங்கள் நின்றதால், கிளம்ப வேண்டியவை ஓடுபாதையிலேயே ஊர்ந்து மறுகோடிக்குப் போய்த் திரும்ப வேண்டும். நிலையம் கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல். அதனால் மேகம் நேராக ஓடுபாதையிலேயே வந்து இறங்கிவிட்டது. டவரில் இருப்பவருக்கு விமானம் தெரியவில்லை. இரண்டு விமானங்களும் ஒன்றையொன்று பார்க்க முடியவில்லை. தரை ரேடாரும் கிடையாது. எல்லோருக்கும் கண் என்பது ரேடியோவில் கேட்கும் குரல் மட்டும்தான்.

கேஎல்எம் முன்னால் போய்த் திரும்பி, கிளம்பத் தயாராக நின்றது. பான் ஆம் பின்னால் ஊர்ந்து வந்தது. மூன்றாவது வழியில் இடப்பக்கம் திரும்பி வெளியே போகச் சொன்னார் டவர்காரர். முதலாவதா மூன்றாவதா என்று குழப்பம். அவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியே சொன்னார். ஆனால் அந்த மூன்றாவது வழி, ஜம்போ திரும்ப முடியாத அளவுக்குப் பின்பக்கமாக வளைந்திருந்தது. பனிமூட்டத்தில் அதைத் தாண்டி நான்காவதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இப்போது கேஎல்எம் காக்பிட்டுக்குள் போவோம். கேப்டன் வான் ஸான்டன். சாதாரண ஆள் இல்லை. 747 ஓட்டும் பைலட்டுகளுக்கே பயிற்சி கொடுக்கும் தலைமைப் பயிற்சியாளர். கம்பெனி விளம்பரத்தில் வருவது அவருடைய படம். பக்கத்தில் இருந்த துணை பைலட்டுக்கு 747 தகுதித் தேர்வு வைத்துத் தேர்ச்சி கொடுத்ததும் அவரேதான்.

அவர் எஞ்சின் வேகத்தைக் கூட்ட ஆரம்பித்தார். "இருங்க, இன்னும் அனுமதி வரலையே" என்றார் துணை பைலட். "தெரியும், கேள்" என்றார் கேப்டன். கேட்டார். டவரிலிருந்து வந்தது பாதை அனுமதி. அதாவது, மேலே போனபிறகு எந்தத் திசையில் திரும்ப வேண்டும் என்பது மட்டும். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் 'டேக்-ஆஃப்' என்ற சொல் இருந்தது. கிளம்பலாம் என்று யாரும் சொல்லவில்லை. கேப்டன் பிரேக்கை விட்டுவிட்டார்.

துணை பைலட் இரண்டாவது முறை தடுக்கவில்லை. செய்தியைத் திருப்பி வாசித்துவிட்டு, 'நாங்கள் இப்போது டேக்-ஆஃபில்' என்கிற மாதிரி ஓர் ஆங்கில வாக்கியத்தைச் சேர்த்தார். டச்சு மொழியில் ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறோம் என்பதை ஏறக்குறைய இப்படித்தான் சொல்வார்களாம். வாய் ஆங்கிலம், மூளை டச்சு என்பது மொழியியலாளர்கள் சொல்லும் ஒரு விளக்கம். (என் 'ஆத்தா ஹூம்' ஞாபகம் வருகிறதா?) ஸ்பானிஷ்காரரான டவர்காரர், கிளம்பும் இடத்தில் நிற்கிறோம் என்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

அவர் சொன்ன பதில்: "ஓகே..." சின்ன இடைவெளி. "டேக்-ஆஃபுக்குக் காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்." அதே நொடியில் பான் ஆம் பதறிப்போய், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று சொன்னது. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் இரண்டுமே விழாது. கீச்சென்ற சத்தம்தான் வரும். கேஎல்எம் காதில் தெளிவாக விழுந்தது 'ஓகே' மட்டும்.

ஆனால் இதோடு முடியவில்லை. அடுத்து டவரும் பான் ஆமும் பேசியது கேஎல்எம்மிலும் கேட்டது. ஓடுபாதை காலியானதும் சொல்கிறோம் என்கிறது பான் ஆம். கேப்டனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஃப்ளைட் எஞ்சினியருக்கு உறைத்துவிட்டது. "அந்த பான் ஆம் இன்னும் வெளியே போகலையா?" என்று கேட்டார். "போயாச்சு" என்று அழுத்தமாகச் சொன்னார் கேப்டன். எஞ்சினியர் அதற்குமேல் பேசவில்லை. சுமார் 15 நொடிகளில் மோதல். கேஎல்எம்மில் இருந்த 248 பேரும், பான் ஆமில் இருந்த 396 பேரில் 335 பேரும் போய்விட்டார்கள். மொத்தம் 583.

ஸ்பெயின் விசாரணை, அனுமதியில்லாமல் கிளம்பியதுதான் அடிப்படைக் காரணம் என்றது. டச்சுத் தரப்போ இருபக்கமும் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டதை வலியுறுத்தியது. வாதம் எப்படியோ, உலகம் பாடம் கற்றது. அதன்பின் டவரும் பைலட்டும் பேசும்போது, கிளம்ப அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும்தான் 'டேக்-ஆஃப்' என்ற சொல் வரும். மற்ற நேரமெல்லாம் 'டிபார்ச்சர்'. வெறும் 'ஓகே' போதாது, சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

அதைவிடப் பெரிய மாற்றம் காக்பிட்டுக்குள். 1978ல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் அருகே, எஞ்சினியர் எரிபொருள் தீர்வதைச் சொல்லியும் கேப்டன் காதில் ஏறாமல் இன்னொரு விமானம் விழுந்தது. 1979ல் நாஸா இதற்காகவே ஒரு பட்டறை நடத்தியது. சின்னவர் சந்தேகத்தைச் சத்தமாகச் சொல்லவும், பெரியவர் அதை நின்று கேட்கவும் பயிற்சி கொடுப்பது அங்கிருந்துதான் வளர்ந்தது. இன்று எந்த ஏர்லைன்ஸ் பைலட்டும் அந்தப் பயிற்சி இல்லாமல் பறக்க முடியாது.

இதைப் படிக்கும்போதெல்லாம் என்னை உறுத்துவது கீச் சத்தமோ பனிமூட்டமோ இல்லை. சரியாகக் காதில் வாங்கிய ஒருவர் அந்த காக்பிட்டில் இருந்தார். சரியான கேள்வியையும் கேட்டார். ஒரே ஒரு முறை.

நம்மில் பலர் ஊர்விட்டு ஊர் வந்து, பாதி புரிந்த பாஷையில், ஆபீஸில் பெரியவர்கள் சொல்வதற்குத் தலையாட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறவர்கள். 'புரிஞ்சுதா?' என்றால் 'ஓகே சார்'. வீட்டிலும் பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டால் 'ஒரு தடவை சொன்னா புரியாதா?' என்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது கொஞ்சம் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

சரி மக்களே... வரேன். (சாப்பாடு எடுத்து வைக்க வேண்டாம்!)