சாக்கடலோரத்துக் குழிகளை எண்ணியவர்கள்

நில அளவைத் துறையில் வேலை பார்த்தவனுக்கு ட்ரோன் என்றதும் முதலில் கொஞ்சம் பொறாமைதான் வரும். நாங்கள் சங்கிலியை இழுத்துக்கொண்டு கருவேல முள்ளுக்குள் புகுந்து, தியோடலைட்டைத் தோளில் சுமந்து, ஒரு கிராமத்தை முடிக்க மாதக்கணக்கில் அலைந்தோம். இப்போது தலைக்கு மேல் ரீங்காரமிட்டுக்கொண்டு ஒரு பொம்மை பறக்கிறது. காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடுகிறது. 2020-இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் ஊர்நத்தத்து வீடுகளை இப்படித்தான் அளக்கிறார்கள். ஆனால் ட்ரோனை நான் உண்மையிலேயே மதிக்க ஆரம்பித்தது ஜோர்டான் நாட்டில் நடக்கும் ஒரு வேலையைப் பற்றிப் படித்த பிறகுதான்.

வானத்திலிருந்து பழைய இடங்களைப் பார்ப்பது புதிய யோசனை இல்லை. 1906-இல் இங்கிலாந்து ராணுவத்தைச் சேர்ந்த ஒரு லெப்டினன்ட், பலூனில் ஏறி ஸ்டோன்ஹெஞ்சைப் படமெடுத்தார். அடுத்து ஜோர்டான் பாலைவனம். 1920-களில் கெய்ரோவுக்கும் பாக்தாத்துக்கும் தபால் கொண்டுபோன பிரிட்டிஷ் விமானிகள், கீழே கருங்கல் நிலத்தில் நீள நீளமான கல்வரிசைகளைக் கண்டார்கள். பெர்சி மெய்ட்லண்ட் என்ற விமானி 1927-இல் அதைக் கட்டுரையாகவே எழுதினார். அங்குள்ள பதூயின் மக்கள் அவற்றை ‘பழைய மனிதர்களின் வேலை’ என்று சொன்னார்களாம். மான்களை விரட்டிப் பிடிக்கப் போட்ட பெரிய பொறிகள் அவை என்று பின்னால் தெரிந்தது. 1997 முதல் டேவிட் கென்னடி என்ற பேராசிரியர் ஜோர்டான் விமானப்படையின் ஹெலிகாப்டரில் போய் ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்தார். ஹெலிகாப்டர் செலவைக் கேட்டால் நம் துறைக்காரர்கள் மயங்கி விழுவார்கள்.

நான் சொல்ல வந்தது சாக்கடலின் தென்கிழக்கே உள்ள ஃபிஃபா. கால்பந்து ஃபிஃபா இல்லை, இது ஓர் ஊர். கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிற பள்ளத்தாக்கு, வெயில் கொளுத்தும், தக்காளி விளையும், பக்கத்தில் பொட்டாஷ் தொழிற்சாலை. அந்த ஊரை ஒட்டி ஐயாயிரம் வருடத்துக்கும் முந்தைய ஒரு பெரிய இடுகாடு இருக்கிறது. ஆயிரக்கணக்கான கல்லறைகள். நம் ஊர்ப்பக்கம் கல்பதுக்கை என்போமே, ஏறக்குறைய அந்த மாதிரி: குழி வெட்டி, நான்கு பக்கமும் கல் அடுக்கி, இறந்தவரை வைத்து, கூடவே சின்னச் சின்னப் பானைகள், கிண்ணங்கள், மணிகள் வைத்து மூடியிருக்கிறார்கள். எல்லாம் சக்கரம் இல்லாமல் கையாலேயே வனைந்த பானைகள்.

இந்தப் பகுதியின் இடுகாடுகள் உலகத்துக்குத் தெரிய வந்ததே திருட்டால்தான். 1960-களில் ஜெருசலேம் கடைகளில் ஒரே மாதிரியான பழைய பானைகள் குவிய ஆரம்பித்தன. பால் லாப் என்ற அமெரிக்க ஆய்வாளர், இவை எங்கிருந்து வருகின்றன என்று விசாரித்துக்கொண்டே போய், பாப் எத்-த்ரா என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1965 முதல் 1967 வரை அங்கே முறைப்படி தோண்டினார். அதே சமவெளியில் ஃபிஃபா உட்பட வேறு இடங்களும் இருப்பதை 1973-இல் ராஸ்ட், ஷௌப் என்ற இருவர் கண்டார்கள். 1989-90-இல் ஃபிஃபாவில் சில கல்லறைகளைத் திறந்தும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அங்கே அதிகம் தோண்டியவர்கள் ஆய்வாளர்கள் அல்ல.

யார் தோண்டுகிறார்கள், ஏன் தோண்டுகிறார்கள்? முதல் உலகப் போரில் தோற்று ஓடிய துருக்கியர்கள் தங்கத்தைப் புதைத்துவிட்டுப் போனார்கள் என்ற கதை ஜோர்டான் முழுக்க உண்டு. நம் ஊரில் திப்பு சுல்தான் புதையல் என்று அலைகிறவர்கள் இல்லையா, அப்படி. தங்கம் கிடைப்பதில்லை, பானை கிடைக்கிறது. ஜோர்டானில் தொல்பொருள் வியாபாரம் சட்டப்படி குற்றம். 1988-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. பக்கத்து இஸ்ரேலிலோ உரிமம் பெற்ற கடையில் விற்கலாம். எல்லையைத் தாண்டிவிட்டால் திருட்டுச் சரக்கு கடைச் சரக்காகிவிடுகிறது. சாக்கடல் ஓரம் என்பதால் சோதோம், கொமோரா காலத்துப் பானை என்று சொன்னால் புனிதப் பயணம் வந்தவர் ஆசையோடு வாங்கிப் போகிறார். தோண்டுகிறவனுக்குக் கிடைப்பது கூலிக் காசு. அவனை மட்டும் திருடன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவன் முழுப் பானையை எடுத்துக்கொண்டு, உடைந்ததையும் எலும்பையும் வெளியே வீசிவிடுகிறான். படத்தில் பார்த்தால் அந்த மேடு முழுக்க அம்மை விழுந்த முகம் போல இருக்கிறது. குழிகளுக்கு நடுவே வெயிலில் வெளுத்துக் கிடப்பவை மனித எலும்புகள்.

இங்கேதான் மோராக் கெர்செல், ஆஸ்டின் சாட் ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2013-இல் ட்ரோனோடு வந்தார்கள். அவர்கள் செய்தது ஒரு ரீ-சர்வே, அவ்வளவுதான். முதலில் தரையில் குறிகள் வைத்து, அவற்றின் இடத்தையும் உயரத்தையும் துல்லியமாக அளந்துகொள்கிறார்கள்; நாம் கல் நட்டுத் தொடங்குவது போல. பிறகு ட்ரோன் ஏர் உழுவது போல வரிசை வரிசையாகப் பறந்து, ஒரு படம் அடுத்த படத்தின் மேல் பாதிக்கும் மேல் படியுமாறு எடுத்துத் தள்ளுகிறது. ஒரே கல்லைப் பல கோணத்தில் பார்த்தால் அதன் உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம். அதைக் கம்ப்யூட்டர் லட்சக்கணக்கான புள்ளிகளுக்குச் செய்து, மேடு பள்ளத்தோடு வரைபடம் தருகிறது. அடுத்த பருவத்தில் வந்து மறுபடியும் அதே வேலை. இரண்டு வரைபடத்தையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால், எங்கே தரை தாழ்ந்திருக்கிறதோ அங்கே புதுக் குழி. பக்கத்திலேயே எங்கே உயர்ந்திருக்கிறதோ அது வெளியே அள்ளிப்போட்ட மண். காற்றும் மழையும் பழைய குழியின் ஓரத்தை மழுக்கிவிடும்; புதுக்குழி விளிம்பு கூர்மையாக நிற்கும்.

செயற்கைக்கோள் படம் போதாதா என்று கேட்கலாம். ஊரையே சூறையாடிய பெரிய அழிவுக்குப் போதும். ஃபிஃபாவில் ஒரு கல்லறையே ஆள் சுருண்டு படுக்கிற அளவுதான். குழிக்குள் குழியாக மறுபடி தோண்டியிருந்தால் மேலிருந்து வெறும் புள்ளி. ட்ரோன் படத்தில் உடைந்த ஓடுகூடத் தெரிகிறது.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது, படத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் அதோடு நிற்காததுதான். மாறியிருக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் நடந்துபோய்ப் பார்க்கிறார்கள். இது மனிதன் தோண்டியதா, நரி பறித்ததா, தண்ணீர் அரித்ததா? எங்கள் காலத்து இன்ஸ்பெக்டர் ஒருவர், புலத்தில் கால் வைக்காமல் படம் வரைந்தால் கிழித்துப் போடுவார். அவருக்கு இவர்களைப் பிடித்திருக்கும்.

ஆனால் ட்ரோன் கள்ளனைப் பிடிக்காது. இரவில் தோண்டுகிறார்கள், ட்ரோன் வருவதோ எப்போதாவது ஒரு முறை. நாள் முழுக்கப் பறக்கவிட்டால் அது தக்காளித் தோட்டத்துப் பெண்களின் தலைக்கு மேல் போலீஸ் கண் வைத்த மாதிரி ஆகிவிடும். அப்புறம் ஊர்க்காரர்கள் எந்த ஆய்வாளரோடும் பேசமாட்டார்கள். ட்ரோன் தருவது ஒரு கணக்கு மட்டுமே. ஆனால் அந்தக் கணக்கு இல்லாமல் தொல்லியல் துறை ஒரு காவலாளியைக் கேட்டுக்கூட எழுத முடியாது. ‘நிறையத் திருடுகிறார்கள்’ என்று எழுதினால் கோப்பு தூங்கும். இந்த வருடம் இத்தனை புதுக் குழி, இன்னின்ன இடத்தில் என்று எழுதினால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கணக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு வருடம் புதுக்குழி குறைந்தால் காவல் பலித்தது என்றும் சொல்லலாம். தோண்ட இனி முழுப் பானை மிஞ்சவில்லை என்றும் சொல்லலாம். வரைபடம் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். எது உண்மை என்று தெரிய, அந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிற ஆள் வேண்டும். கெர்செலும் அவரோடு வேலை செய்யும் மெரிடித் செஸ்ஸனும் அந்தப் பானைகளின் பின்னாலேயே, ஊர்க்காரர், இடைத்தரகர், கடைக்காரர், வாங்குகிறவர் என்று ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு போகிறார்கள்.