தேய்ந்த ஈறும் நின்ற சுட்டும்: ஜெர்மன் பெயர்ச்சொற்களின் பால் வரலாறு

மேசை எப்படி ஆணாகும், விளக்கு எப்படிப் பெண்ணாகும்? ஜெர்மன் வகுப்பின் முதல் வாரத்திலேயே தமிழ் மாணவர் கேட்கும் கேள்வி இது. மேசை ‘டெர் டிஷ்’. விளக்கு ‘டீ லாம்பே’. புத்தகம் ‘டஸ் பூஹ்’. டெர் ஆண்பால், டீ பெண்பால், டஸ் இரண்டும் அல்லாதது. ஆண்பாலும் பெண்பாலும் உயர்திணைக்கே உரியவை என்று தொல்காப்பியம் வகுத்த வழியில் வளர்ந்தவர்களுக்கு இது பிடிபடாததில் வியப்பில்லை. பாதிக் குழப்பத்தைப் ‘பால்’ என்ற மொழிபெயர்ப்பே உண்டாக்கிவிடுகிறது. லத்தீன் இலக்கணத்தில் ‘கெனுஸ்’ என்றால் வகை, இனம். அதை ஜெர்மன் இலக்கணிகள் ‘கெஷ்லெக்ட்’ என்று பெயர்த்தார்கள். குலம், உடற்பால் என்ற பொருள்களும் உள்ள சொல் அது. குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது.

உயிரற்றவற்றுக்குப் பால் எங்கிருந்து வந்தது என்பது 19ஆம் நூற்றாண்டின் பெரிய விவாதமாகவும் இருந்தது. யாக்கோப் கிரிம் 1831இல் வெளியிட்ட ‘ஜெர்மன் இலக்கணம்’ மூன்றாம் தொகுதியில், ஆதி மனிதரின் கற்பனை உயிரற்ற பொருள்களிலும் ஆண்மை பெண்மை கண்டதே பாலின் தோற்றம் என்றார். அந்த நூற்றாண்டின் இறுதியில் மொழியியலாளர் கார்ல் ப்ரூக்மன் இதை மறுத்தார். சொல்லின் ஈறு முந்தியது, ஆண் பெண் என்ற எண்ணம் அதன்மேல் பிறகு ஏறியது என்பது அவர் கட்சி. பின்னர் படித்தறியப்பட்ட ஹிட்டைட் மொழியில், ஜெர்மனும் அடங்கிய இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில், உயிருள்ளது, உயிரற்றது என்னும் இரண்டு வகைகளே தென்பட்டன; பெண்பால் தனி வகையாக இல்லை. தொகுதிப் பெயர்களையும் கருத்துப் பெயர்களையும் ஆக்கிய ஒரு விகுதியிலிருந்து பெண்பால் பிறகு கிளைத்தது என்று பலர் கருதுகிறார்கள். கிரிமின் பார்வை அழகானது. ஆனால் சான்றுகள் ப்ரூக்மன் பக்கமே சாய்கின்றன.

8ஆம் நூற்றாண்டு முதல் எழுத்தில் கிடைக்கும் பழைய உயர் ஜெர்மனில், பல சொற்களின் ஈறே வகையைக் காட்டிவிடும். சேவல் ‘ஹனோ’, ஓகாரம் ஆண்பால். நாக்கு ‘ட்ஸுங்கா’, ஆகாரம் பெண்பால். எல்லாச் சொல்லுக்கும் இவ்வளவு தெளிவான ஈறு இருந்ததில்லை என்றாலும், கேட்பவர் காதுக்கு இது பெரிய துணை. ஜெர்மானிய மொழிகளில் ஒலியழுத்தம் சொல்லின் முதல் அசைக்கு நகர்ந்துவிட்டதால், கடைசி அசை கவனிப்பாரற்று மெலிந்துகொண்டே வந்தது. 11, 12ஆம் நூற்றாண்டுகளில் ஓவும் ஆவும் ஒரே மங்கலான எகரமாகக் கரைந்தன. ‘ஹனே’, ‘ட்ஸுங்கே’ என்று இரண்டும் ஒரே ஈற்றில் வந்து நின்றன.

இதற்குள் பெயருக்கு முன்னால் இன்னொன்று வளர்ந்திருந்தது: ஆர்ட்டிக்கிள் எனப்படும் முன்சொல். டெர், டியு (இன்றைய டீ), டஸ் என்பவை முதலில் ‘அந்த’ என்று பொருள்தந்த வெறும் சுட்டுகள். 830 வாக்கில் ஃபுல்டா மடத்தில் தாசியன் நற்செய்தித் தொகுப்பை லத்தீனிலிருந்து பெயர்த்தவர்களின் மூலத்தில் ஆர்ட்டிக்கிளே கிடையாது. ஆனாலும் அவர்கள் ஜெர்மனில் அது எட்டிப் பார்க்கிறது. ஈறு தேய்ந்ததால் ஆர்ட்டிக்கிள் பிறந்தது என்று சொல்லிவிடக் கூடாது. கேட்பவர் ஏற்கெனவே அறிந்த பொருளைக் குறிப்பதே அதன் முதல் வேலை. பாலையும் வேற்றுமையையும் சுமக்கும் பொறுப்பு, ஈறு கைவிட்டபின் அதன் தோளில் விழுந்தது. ஆங்கிலம் இதற்கு நல்ல எதிர்ச்சான்று. அங்கும் ஆண்பாலுக்கு ஒன்று, பெண்பாலுக்கு ஒன்று என்று தனித்தனிச் சுட்டுகள் இருந்தன. ஈறுகளோடு அவையும் தேய்ந்து ‘தி’ என்ற ஒற்றைச் சொல்லாயின. பெயர்ச்சொல்லின் பாலும் மறைந்தது. ஜெர்மனிலேயே பன்மையில் இது நடந்திருக்கிறது. பழைய மொழியில் மூன்று பாலுக்கும் மூன்று பன்மைச் சுட்டுகள். இன்று எல்லாவற்றுக்கும் ‘டீ’ ஒன்றுதான், அங்கே பால் வேறுபாடும் இல்லை.

எகர ஈறு மிஞ்சிய ஆண்பாற் சொற்களின் கதைதான் என்னை அதிகம் ஈர்ப்பது. எகரத்தில் முடிந்தவற்றில் பெண்பால் மிகுதியாகவே, அந்த ஈறு பெண்பாலின் அடையாளமாகக் காதில் படிந்தது. தூதுவனைக் குறிக்கும் ‘போட்டே’, முயலாகிய ‘ஹாஸே’ போன்ற மனித, விலங்குப் பெயர்கள் ஆண்பாலாகவே தாக்குப்பிடித்தன. தோட்டமாகிய ‘கார்ட்டே’, வில்லாகிய ‘போகே’ ஆகியவை இறுதியில் னகரம் ஏற்று ‘கார்ட்டென்’, ‘போகென்’ என்றாகி ஆண்பாலைக் காத்துக்கொண்டன. பாம்பும் நத்தையும் எகரத்தைக் காத்தன, பாலை இழந்தன: இன்று ‘டீ ஷ்லாங்கே’, ‘டீ ஷ்னெக்கே’. பவேரியப் பேச்சில் எகரம் உதிர்ந்துவிட்டதால் நத்தை இன்னும் ‘டெர் ஷ்னெக்’, ஆண்பால்தான். நத்தையின் உடலைப் பற்றி யாரும் கருத்து மாற்றிக்கொள்ளவில்லை. ஓர் உயிரெழுத்து நின்ற இடத்தில் பால் மாறியது, உதிர்ந்த இடத்தில் மாறவில்லை.

சிறுமியைக் குறிக்கும் ‘மேட்ஷென்’ டஸ் ஏற்பதும் இப்படித்தான். ‘ஷென்’ என்ற சிறுமை விகுதி எதில் சேர்ந்தாலும் அது டஸ். ‘உங்’, ‘ஹைட்’, ‘கைட்’ விகுதிகள் எப்போதும் டீ. 1980களில் மொழியியலாளர்கள் கிளாஸ்-மிஹாயெல் கெப்கேயும் டேவிட் ஜூபினும் ஓரசைச் சொற்களிலும் ஒலிசார்ந்த சாய்வுகளைக் காட்டினார்கள். ‘க்ன்’ என்று தொடங்குபவை பெரும்பாலும் ஆண்பால். முழங்காலாகிய ‘டஸ் க்னீ’ விலக்கு. நோட்டில் டெர்ருக்கு நீலம், டீக்குச் சிவப்பு, டஸ்ஸுக்குப் பச்சை என்று மை மாற்றி எழுதும் மாணவரின் பழக்கம் நல்லதே. சொல்லோடு சேர்த்து ஆர்ட்டிக்கிளை மனனம் செய்யும்போது, உதிர்ந்த ஈற்றைத்தான் அவர் முன்பக்கம் ஒட்டிப் படிக்கிறார். ஈற்றின் நிறத்தையும் கூடவே கவனித்தால் பாதிச் சுமை குறையும்.

ஈறு உதவாத இடத்தில் பொருளின் பக்கத்துவீடு உதவுகிறது. பழைய ஜெர்மானியர் மிலாறு பின்னி மண் பூசி எழுப்பிய சுவர் ‘வாண்ட்’, பெண்பால். ரோமரிடமிருந்து கற்சுவரும் அதன் பெயரும் வந்தன. லத்தீனில் ஆண்பாலாக இருந்த ‘மூருஸ்’, வாண்ட்டின் அருகில் வந்ததும் ‘டீ மவர்’ ஆயிற்று. மின்னஞ்சல் வந்தபோதும் இதுவே நடந்தது. தபாலைக் குறிக்கும் ‘டீ போஸ்ட்’ பக்கத்தில் இருந்ததால் ஜெர்மனியில் பெரும்பாலோர் ‘டீ ஈமெயில்’ என்கிறார்கள். ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் ‘டஸ் ஈமெயில்’ இன்றும் சரளமாகக் காதில் விழுகிறது.