வீட்டுக்கு அடியில் ஈரம்: துவாரத்தை அடைத்தால் எப்படிக் காயும்? அமெரிக்க வீடுகளின் ‘கிரால் ஸ்பேஸ்’ பற்றி முழு விளக்கம்!

ஈரமாக இருக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும். நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த பாடம் இது. துணி காயணும்னா காற்று வேண்டும், சுவர் காயணும்னா ஜன்னலைத் திறந்து வைக்கணும். ஆனால் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில், வீட்டுக்கு அடியில் இருக்கும் ஈரத்தைப் போக்க, காற்று வரும் துவாரங்களை முழுவதுமாக அடைத்துவிடுங்கள் என்கிறார்கள் கட்டுமான வல்லுநர்கள்.

கேட்பதற்கு விநோதமாக இருக்கிறதா? வட கரோலினா, ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் வீடு வாங்கும் தமிழர்கள் பலரும் முதல் பரிசோதனை அறிக்கையிலேயே சந்திக்கும் விஷயம் இது. பல ஆயிரம் டாலர் செலவு வைக்கும் வேலை என்பதால், இதன் பின்னால் இருக்கும் காரணத்தைத் தெரிந்துகொள்வது அவசியம். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கிரால் ஸ்பேஸ் என்றால் என்ன?

நம் ஊரில் வீடு கட்டும்போது பேஸ்மட்டம் போட்டு, உள்ளே மண் நிரப்பி, தண்ணீர் விட்டு இறுக்கி, அதன் மேல் தரை போடுவோம். தரைக்கும் மண்ணுக்கும் நடுவில் இடைவெளி கிடையாது.

அமெரிக்காவில் பல வீடுகள் அப்படி அல்ல. சுற்றிலும் தாழ்வான ஒரு அஸ்திவாரச் சுவர், உள்ளே சில தூண்கள். அவற்றின் மேல் மரச்சட்டங்களைப் பரப்பி, பலகை அடித்துத் தளம் போடுகிறார்கள். அந்தத் தளத்துக்கும் கீழே இருக்கும் வெறும் மண்ணுக்கும் நடுவில் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு ஒரு காலி இடம் இருக்கும். நிமிர்ந்து நிற்க முடியாது, தவழ்ந்துதான் போக வேண்டும். அதனால்தான் அதற்குக் ‘கிரால் ஸ்பேஸ்’ என்று பெயர்.

தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்வயர், ஏசி டக்ட் எல்லாம் இந்த இடத்தில்தான் ஓடும். வீட்டுக்காரர் வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காத இடமும் இதுதான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, மழை. 1,500 சதுர அடி கூரையில் 1 அங்குலம் மழை பெய்தால் சுமார் 3,500 லிட்டர் தண்ணீர் இறங்கும். அது சுவரோரமாக விழுந்து தேங்கினால் நேராக வீட்டுக்கு அடியில்தான் போகும்.

இரண்டாவது, மண். மேலே காய்ந்த மாதிரி தெரியும் மண்ணில் இருந்தும் நீராவி எழும்பிக்கொண்டே இருக்கும். இரவு பகல் கிடையாது, கோடை குளிர் கிடையாது.

மூன்றாவது, கசிவு. ஒழுகும் குழாய், ஏசியில் இருந்து சொட்டும் தண்ணீர், துணி உலர்த்தும் இயந்திரத்தின் குழாய் வெளியே போகாமல் அடியிலேயே முடிவது என இதில் பல வகை.

நான்காவது, பலரும் சந்தேகப்படாத ஆள்: வெளிக்காற்று.

காற்று வந்தால் காயத்தானே வேண்டும்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. அஸ்திவாரச் சுவரில் காற்றுத் துவாரங்கள் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கட்டட விதிகளில் நீண்ட காலமாக இருக்கும் வழக்கம். பொதுவான கணக்கு, 150 சதுர அடிக்கு 1 சதுர அடி துவாரம். அதாவது 1,500 சதுர அடி வீட்டுக்கு 10 சதுர அடி. காற்று உள்ளே புகுந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு போகும் என்பதுதான் நம்பிக்கை.

வெளிக்காற்று வறண்டிருந்தால் இது நடக்கும். ஆனால் புழுக்கமான கோடையில் தலைகீழாக நடக்கும்.

ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலை மேஜையில் வைத்தால், கொஞ்ச நேரத்தில் அதன் வெளிப்புறம் வியர்த்துவிடுகிறது அல்லவா? பாட்டிலில் ஓட்டை எதுவும் இல்லை. அந்தத் தண்ணீர் அறைக்காற்றில் இருந்து வந்தது. சூடான காற்று நிறைய நீராவியைச் சுமக்கும். அது குளிர்ந்த பொருளின் மேல் பட்டதும் சுமக்க முடியாமல் இறக்கி வைத்துவிடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். வெளியே 32 டிகிரி செல்சியஸ் வெப்பம், 60 சதவீதம் ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று துவாரம் வழியாக வீட்டுக்கு அடியில் போகிறது. அங்கே நிழல், குளிர்ந்த மண். காற்று 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதன் ஈரப்பதம் 95 சதவீதத்தைத் தாண்டிவிடும். 23 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளில் பட்டாலும் துளித்துளியாகத் தண்ணீர் கோத்துக்கொள்ளும். ஏசி டக்ட்டின் வெளிப்புறம் அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் சொல்லவே வேண்டாம், சொட்டிக்கொண்டே இருக்கும்.

ஆக, காய வைக்க வேண்டிய துவாரமே கோடை முழுக்கத் தண்ணீரை உள்ளே கொண்டுவந்து கொட்டுகிறது!

ஈரம் இருந்தால் என்னதான் ஆகும்?

மரத்தில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்கும்வரை, மரத்தை மக்க வைக்கும் பூஞ்சை பொதுவாகத் தலைதூக்காது. 30 சதவீதத்தை ஒட்டிப் போய், அங்கேயே நீண்ட நாள் நின்றால், மரச்சட்டம் மெல்ல மெல்ல மக்க ஆரம்பிக்கும். வீடு முழுவதையும் தாங்குவது அந்தச் சட்டங்கள்தான் என்பதை மறக்க வேண்டாம்.

மேல்பூச்சுப் பூஞ்சைக்கு அவ்வளவு ஈரம்கூடத் தேவையில்லை. தளத்துக்கு அடியில் செருகியிருக்கும் கண்ணாடியிழை இன்சுலேஷன் நனைந்து தொங்கும், பிறகு கழன்று விழும். மேலே இருக்கும் மரத்தளப் பலகை ஓரங்களில் தூக்கிக்கொள்ளும். ஈரமான மரமும் மண்ணும் கரையானுக்குக் கொண்டாட்டம்.

இன்னொன்றும் இருக்கிறது. அடியில் இருக்கும் காற்று அடியிலேயே நிற்பதில்லை. குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்று மேலே எழுந்து கூரைப்பக்க இடுக்குகள் வழியாக வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப, தளத்தின் இடுக்குகள் வழியாகக் கீழ்க்காற்று மேலே ஏறும். ஒழுகும் டக்ட் இருந்தால் ஏசியே அதை உறிஞ்சி அறைக்குள் ஊதும். வீட்டில் காரணம் தெரியாத முடைநாற்றம் அடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சீல் செய்வது எப்படி? வரிசை முக்கியம்!

இந்த வேலையில் பாதிப் பிரச்சினை, வரிசையை மாற்றிச் செய்வதால்தான் வருகிறது.

1. முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும். கூரை ஓரத்தில் மழைநீரைப் பிடிக்கும் தகரக் கால்வாய் சரியாக இருக்கிறதா, அது தண்ணீரைச் சுவரை விட்டுத் தள்ளிக் கொண்டுபோய் விடுகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டைச் சுற்றி முதல் 10 அடி தூரத்துக்குள் தரை 6 அங்குலமாவது வெளிப்பக்கம் சரிய வேண்டும் என்பது விதி. ஒழுகும் குழாய்களையும் இப்போதே சரிசெய்துவிட வேண்டும். அப்படியும் தண்ணீர் ஊறினால், அடியில் வடிகாலும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்பும் தேவைப்படும்.

2. அடுத்து மண்ணை மூட வேண்டும். தரை முழுக்கக் கனமான பாலித்தீன் ஷீட் விரிக்கிறார்கள். பரவலாகக் கேட்கப்படும் குறைந்தபட்சத் தடிமன் 0.15 மில்லிமீட்டர். ஆள் தவழும் இடம் என்பதால் இதைவிடத் தடிமனான ஷீட் போடுவது நல்லது. ஷீட்டும் ஷீட்டும் சேரும் இடத்தில் 6 அங்குலம் மேற்படிந்து, டேப் ஒட்டி அடைத்திருக்க வேண்டும். சுவரிலும் குறைந்தது 6 அங்குலம் ஏற வேண்டும். தூண்களைச் சுற்றியும் இதே மாதிரிதான்.

3. பிறகு துவாரங்களை அடைக்க வேண்டும். காற்றுத் துவாரம், குழாய் நுழையும் ஓட்டை, உள்ளே போகும் கதவின் இடுக்கு எல்லாவற்றையும். இன்சுலேஷனைத் தளத்துக்கு அடியில் கொடுக்கலாம், அல்லது சுவரில் கொடுக்கலாம்.

4. கடைசியில் உள்காற்றை உலர வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் செய்த வேலை அத்தனையும் வீண். ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் வைக்கலாம். அல்லது ஏசி காற்றில் கொஞ்சத்தைக் கீழே திருப்பிவிடலாம். 50 சதுர அடிக்கு நிமிடத்துக்கு 1 கன அடி என்பது விதிகள் சொல்லும் அளவு. டீஹியூமிடிஃபையர் என்றால் 1,000 சதுர அடிக்கு ஒரு நாளில் சுமார் 33 லிட்டர் தண்ணீரை இழுக்கும் திறன் வேண்டும். அந்தத் தண்ணீர் வெளியே போக வழியும் இருக்க வேண்டும்.

கவனியுங்கள்: மண்ணை மூடாமல் துவாரத்தை மட்டும் அடைத்தால், மண்ணில் இருந்து எழும் நீராவி போக வழியில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அரைகுறையாக அடைப்பதைவிட அடைக்காமல் இருப்பதே மேல்.

இது நிரூபிக்கப்பட்டதா?

ஆமாம். 1999-ல் ஃப்ளாய்ட் புயலின்போது வட கரோலினாவின் பிரின்ஸ்வில் என்ற சிற்றூர் வெள்ளத்தில் மூழ்கியது. பிறகு அங்கே ஒரே மாதிரியாகக் கட்டப்பட்ட 12 வீடுகளை எடுத்துக்கொண்டு, ராலே நகரைச் சேர்ந்த அட்வான்ஸ்டு எனர்ஜி என்ற லாபநோக்கற்ற அமைப்பு ஆய்வு செய்தது. சில வீடுகளில் வழக்கமான காற்றுத் துவாரம், மற்றவற்றில் மூடிய கிரால் ஸ்பேஸ்.

மூடிய வீடுகளின் அடிப்பகுதி கோடையிலும் கணிசமாக உலர்ந்திருந்தது. அதோடு, அந்த வீடுகளைக் குளிரூட்டவும் சூடாக்கவும் ஆன மின்செலவு சராசரியாக 15 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது.

ஆனால் இது புழுக்கமான பகுதியின் கணக்கு. வறண்ட மாநிலங்களில் வெளிக்காற்றே உலர்ந்திருப்பதால், அங்கே இதே அளவு லாபத்தை எதிர்பார்க்க முடியாது.

எங்கே உஷாராக இருக்க வேண்டும்?

* கேஸ் கருவிகள்: அடியில் கேஸ் ஹீட்டரோ வாட்டர் ஹீட்டரோ இருந்து, அது அந்த இடத்துக் காற்றை எடுத்து எரிகிறது என்றால் ஆபத்து. துவாரங்களை அடைத்த பிறகு புகை சரியாக வெளியேறாமல் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரலாம். இதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. உயிரையே வாங்கிவிடும். வெளிக்காற்றைத் தனிக்குழாய் மூலம் எடுக்கும் கருவியாக மாற்றிய பிறகே அடைக்க வேண்டும். வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம் வேண்டும்.

* ரேடான்: மண்ணில் இருந்து எழும் கதிரியக்க வாயு. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த முக்கியக் காரணமாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதைச் சொல்கிறது. ஒரு லிட்டர் காற்றில் 4 பைக்கோகியூரி அல்லது அதற்கு மேல் இருந்தால் சரிசெய்ய வேண்டும் என்பது அதன் வரையறை. சீல் செய்வதற்கு முன்பும் பின்பும் சோதனை செய்துகொள்ளுங்கள். அளவு அதிகம் என்றால், ஷீட்டுக்கு அடியில் குழாய் செருகி, மின்விசிறி மூலம் அந்தக் காற்றைக் கூரைக்கு மேலே வெளியேற்றலாம்.

* கரையான்: சுவர் முழுக்க இன்சுலேஷன் ஒட்டிவிட்டால், அதன் பின்னால் கரையான் ஏறுவது கண்ணுக்கே தெரியாது. அதனால் சுவரின் மேற்பகுதியில் சுமார் 3 அங்குலம் வெறுமனே விடுவார்கள். பரிசோதிப்பவர் பார்க்க வேண்டிய இடம் அது.

* வெள்ள அபாயப் பகுதி: இங்கே வெள்ளநீர் உள்ளே வந்து வெளியேற திறப்பு இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நீரின் அழுத்தத்தில் சுவரே இடியலாம். சாதாரண நாளில் மூடியிருந்து, வெள்ளம் வந்தால் மட்டும் திறக்கும் தனி வகைத் திறப்புகள் இருக்கின்றன. உள்ளூர் கட்டட அலுவலகத்தில் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

வீடு வாங்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

பரிசோதகர் வெறும் கதவோரம் நின்று டார்ச் அடித்துப் பார்த்தாரா, உள்ளே தவழ்ந்து போனாரா என்று கேளுங்கள். போட்டோ கேளுங்கள். மரச்சட்டத்தின் ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்று எண்ணாகக் கேளுங்கள். ‘கொஞ்சம் ஈரம் இருக்கு’ என்பது பதில் ஆகாது.

சீல் செய்யும் நிறுவனம் விலைப்பட்டியல் கொடுத்தால் அதில் நான்கு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: வெளித்தண்ணீருக்கு என்ன ஏற்பாடு, ஷீட்டின் தடிமன் எவ்வளவு, உள்காற்றை உலர்த்துவது எது, கேஸ் கருவிகளைச் சோதித்தார்களா. ‘ஷீட் விரித்துத் தருகிறோம்’ என்று மட்டும் இருந்தால் அது பாதி வேலைதான்.

ஏற்கெனவே பூஞ்சை படர்ந்திருந்தாலோ மரம் மக்கியிருந்தாலோ, அதை முதலில் சரிசெய்ய வேண்டும். ஷீட் போட்டு மறைப்பது தீர்வு அல்ல.

சீல் செய்துவிட்டால் கவலை விட்டதா?

இல்லை. டீஹியூமிடிஃபையர் பழுதாகலாம், ஷீட் கிழியலாம், மூடிய இடத்துக்குள் குழாய் உடைந்தால் தண்ணீர் ஷீட்டின் மேலேயே குளமாகத் தேங்கி நிற்கும். இதற்கு எளிய வழி, ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர் ஒன்றைக் கீழே வைத்து, அதன் எண்ணை வீட்டுக்குள் இருந்தே பார்ப்பதுதான். 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. அதைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், தவழ்ந்து உள்ளே போக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.