பாலை நகரும் நடைவழி வாழ்வும்

கடுங்கோடை வாட்டும் பாலை நகரில் கால்நடையாக வாழ்தல் இயலாது எனக் கருதுவார் உளர். அமெரிக்க நாட்டு அரிசோனா மாநிலத்தின் பீனிக்சு நகர வரலாற்றைக் கொண்டு இக்கருத்தை ஈண்டு ஆராய்வோம்.

இந்நகரில் 1887-இல் குதிரை டிராமும் 1893-இல் மின்சார டிராமும் ஓடத் தொடங்கின. அக்காலத்தார் குளிர்பதனக் கருவி அறியாதவர். வெயிலோ அன்றும் கடுமையானதே. 1947-இல் கொட்டகையில் பற்றிய தீயில் டிராம் வண்டிகளுட் பெரும்பாலன அழிந்தன. மறு ஆண்டில் டிராமே நின்றது. 1950-இல் 17 சதுர மைலில் 1,06,818 மக்கள் வாழ்ந்தனர். 1960-இல் 187 சதுர மைலில் 4,39,170 மக்கள் வாழ்ந்தனர். மக்கள் நான்கு மடங்கு பெருக, நிலமோ பதினொரு மடங்கு விரிந்தது. அண்டைப் பகுதிகளை நகரோடு இணைத்தமையும் மோட்டார் வண்டியின் பெருக்கமும் இதற்குக் காரணங்களாம். வீடும் கடையும் பணியிடமும் தம்முள் சேய்மைப்பட்டன.

2008-இல் தண்டவாளப் போக்குவரத்து மீண்டும் வந்தது. அத்தடத்தை ஒட்டி, அண்டை நகராகிய டெம்பியில், 17 ஏக்கர் நிலத்தில் அமைந்த கல்டிசாக் என்னும் குடியிருப்பில் 2023 முதல் மக்கள் வாழ்கின்றனர். அங்குக் குடியிருப்போர்க்கு வண்டி நிறுத்துமிடம் இல்லை. வீடுகளோடு கடைகளும் பணியிடங்களும் உள. நெருங்கிய வெண்ணிறக் கட்டடங்களுக்கு இடைப்பட்ட குறுகிய வழிகள் நிழல் பெறுகின்றன.

இஃது அளவிற் சிறிது. தண்டவாளம் இன்றேல் நிலைபெறுதலும் அரிது. எனினும், நடைவழி வாழ்வை அந்நகரத்தார் இழந்தது வெயிலாலன்று, நிலத்தை வகுத்த முறையாலேயே என்பது இதனாற் பெறப்படும்.