நெசவும் மெய்யுணர்வும்

மெய்ப்பொருளாராய்ச்சி ஓய்வுடையார்க்கே உரியது என்னும் கருத்து நெடுங்காலமாக நிலவி வருகின்றது. கைத்தொழிலால் உண்பார் பத்தியைப் பாடலாம். தத்துவத்தை ஆராய்தல் அவர்க்கு இயலாது என்பாரும் உளர். தென்பாண்டி நாட்டு வரலாறு இக்கருத்திற்கு இடந்தரவில்லை என்பதனை ஈண்டுக் காட்டுவாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சாரலில் அமைந்தது புளியங்குடி. அதனைச் சூழ்ந்த சங்கரன்கோயில், கடையநல்லூர், தென்காசி வட்டாரம் நெசவால் பெயர் பெற்றது. இவ்வட்டாரத்துத் தென்காசியில் தோன்றித் தக்கலையில் வாழ்ந்து அடங்கியவர் 17ஆம் நூற்றாண்டினராகிய பீர் முகம்மது அப்பா. அவர் தறி நெய்து வாழ்ந்தார் என்பது மரபு. ஞானப் புகழ்ச்சி, ஞானமணி மாலை, ஞானரத்தினக் குறவஞ்சி முதலியன அவர் நூல்கள். சூபிய மெய்ந்நெறியைச் சித்தர் வழக்குச் சொற்களோடும் அரபுச் சொற்களோடும் இயைத்துரைப்பன அவை.

அவற்றின் வடிவம் கருதத்தக்கது. குறவஞ்சி பெரும்பாலும் காதலையும் குறி கூறுதலையும் பாடுவது. அப்பாவின் குறவஞ்சியிலோ சிங்கனும் சிங்கியும் வினாவும் விடையுமாக ஞானப்பொருளை ஆராய்கின்றனர். எளியோர்க்குப் பழகிய பாட்டு நுண்பொருளைத் தாங்குகின்றது.

இவ்வடிவம் தொழிலோடு பொருந்துவதாகும். குழித்தறியில் கால் மிதியை மிதிக்கும்; கை நாடாவை எறியும்; கண் இழையை நோக்கும். ஏடு புரட்டக் கை ஒழியாது. நாவும் செவியும் நினைவுமே ஒழிந்திருப்பன. ஆதலின் நெய்வார் பயிலும் தத்துவம் பாடத்தக்கதாயும் நினைவில் நிற்பதாயும் இருத்தல் வேண்டும். தக்கலையில் ஆண்டுதோறும் இரவு முழுதும் கூடி ஞானப் புகழ்ச்சியைப் பாடும் வழக்கம் இன்றும் உளது.

ஏறத்தாழ அக்காலத்தே ஆலந்து நாட்டு ஸ்பினோசா (1632–1677) கண்ணாடி வில்லைகளைத் தீட்டிக்கொண்டே தத்துவம் வகுத்தார். அவர் இலத்தீனில் கற்றார்க்கு எழுதினார். அப்பா தமிழில் உழைப்பார்க்கும் விளங்கப் பாடினார். அவர்க்கு முன்னரே வடகாசியில் நெசவாளராகிய கபீரும் இவ்வழி நின்றார்.

இதனால், உழைப்பின் கடுமையே அறிவிற்குத் துணை என்று கொள்ளற்க. வறுமையும் அயர்வும் அவித்த ஆர்வங்கள் பல, அவை ஏடேறவில்லை. எஞ்சியவற்றையேனும் உள்ளவாறு நோக்குதல் நம் கடன்.

சங்கப் பாடல்களைத் தொகுத்தோர் தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் எனத் தொழிலையும் பெயரோடு காத்தனர். பிற்கால இலக்கிய வரலாறுகளோ, புலவரைச் சமயத்தாலும் நூல்வகையாலும் பிரித்தமையோடு அமைந்தன. அப்பாவை இசுலாமியத் தமிழ்ப் புலவர் என்று மட்டும் குறித்தால், அவர் நூல்கள் எத்தகையோர் செவிக்காகப் பிறந்தன என்பது மறைந்துவிடும். புலவர்தம் தொழிலையும் ஆராய்ச்சிச் சான்றாகக் கொள்ளின், தமிழில் தத்துவம் பயின்றோர் யாவர் என்னும் வினாவிற்கு இன்னும் விரிந்த விடை கிடைக்கும் என்பது எம் துணிபு.