ஒரு ஓடு உடைஞ்சா...

செட்டிநாட்டு வீடு என்றதும் பர்மா தேக்குத் தூணும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவரும்தான் நமக்கு ஞாபகம் வரும். காரைக்குடிப் பக்கம் போனால், அந்த வீடுகளுக்குக் காவல் இருக்கும் பெரியவர் யாரிடமாவது பேசிப் பாருங்கள். ‘‘மழைக்கு முன்னாடி ஓட்டை மாத்திரணும் தம்பி... ஒரு ஓடு உடைஞ்சா உத்திரமே போயிரும்!’’ என்பார்.

ஆனால், ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் ஏகப்பட்ட பேர். ஒருத்தர் சென்னையில், ஒருத்தர் சிங்கப்பூரில். ஓட்டுக்குக் காசு யார் தருவது என்று பேசி முடிப்பதற்குள் நாலு ஐப்பசி ஓடிப்போகும். அரண்மனை மாதிரி எழும்பிய வீடுகள் பல பாழானது இப்படித்தான்.

பங்காளி வீட்டுக்கே இந்தக் கதி. சொந்தக்காரர் அரசாங்கம் என்றால்?

1970-ல் கலைஞர் ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்ற அண்ணாவின் வாசகம்தான் அதன் முழக்கம். ஒரு குடிசையில் தீப்பிடித்தால் வரிசையே சாம்பலாகும் இடங்களில், கான்கிரீட் மாடி வீடு என்பது சாதாரண விஷயமா? நிஜமாகவே பெரிய காரியம்.

சிக்கல், சாவி கொடுத்த பிறகுதான். புது வீட்டுக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. பத்து வருஷம் கழித்துக் குழாய் ஒழுக்கை அடைக்க எந்த அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டுவார்? ஒழுகிய தண்ணீர் உள்ளே இறங்கும். கம்பி துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் வேண்டும். அது உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அன்றைக்கு நூறு ரூபாயில் முடிந்திருக்கும் வேலை!

2021 டிசம்பர் 27. திருவொற்றியூரில், 1993-ல் கட்டிய வாரியக் குடியிருப்பில் ஒரு பிளாக் அப்படியே சரிந்தது. 24 வீடுகள். விரிசலைப் பார்த்து மிரண்ட ஜனங்கள் முன்பே வெளியேறியதால், ஒரு உயிர்கூடப் போகவில்லை. குடும்பத்துக்கு ஒரு லட்சம் நிவாரணம் அறிவித்தார்கள். அதே வருஷம்தான் வாரியத்துக்கு ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என்று புதுப் பெயரும் வைத்திருந்தார்கள்!

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. சமூகக் குடியிருப்பு ஒன்றில் சுவரெல்லாம் பூஞ்சை. 2017-லேயே தகப்பன் புகார் சொன்னார். ‘மேலே பெயின்ட் அடிச்சுக்கோ’ என்றார்கள். 2020 டிசம்பரில் அவருடைய 2 வயதுப் பிள்ளை அவாப் மூச்சுத்திணறிச் செத்துப்போனான்.

2023-ல் அங்கே சட்டம் வந்தது. அவன் பேரிலேயே, ‘அவாப் சட்டம்’. 2025 அக்டோபர் 27 முதல் அமல். உயிருக்கு ஆபத்தான பழுது என்று தெரிந்தால், 24 மணி நேரத்துக்குள் வீட்டைக் கொடுத்தவர் ஆளை அனுப்பிச் சரிசெய்தாக வேண்டும்.