ஒரு பெயர், இரண்டு ஊர்: திருப்பத்தூர் தரும் பாடம்

மலேசியத் தமிழ்க் குடும்பத்தார் தம் முன்னோரின் ஊரைத் தேட முற்படும்போது, ஒரு பழைய கடிதமோ பயண ஆவணமோ மட்டுமே கையில் எஞ்சியிருப்பதுண்டு. அதில் 'திருப்பத்தூர்' என்று மட்டும் எழுதியிருப்பின், தேடல் அங்கேயே தடுமாறும். தமிழ்நாட்டில் அப்பெயர் கொண்ட நகரங்கள் இரண்டு உள்ளன. ஒன்று வடக்கே ஏலகிரி மலைக்கு அருகிலுள்ளது. மற்றொன்று தெற்கே காரைக்குடிக்கு மேற்கிலுள்ளது.

இவ்விரு பெயர்களும் ஒரே வேரில் தோன்றியவையா என்பதை நாம் முதலில் நோக்க வேண்டும். தெற்கிலுள்ள ஊரைச் சம்பந்தரும் அப்பரும் பாடியுள்ளனர். தேவாரத்தில் அதன் பெயர் திருப்புத்தூர். புத்தூர் என்பது புதிய ஊர் எனப் பொருள்படும். பேச்சு வழக்கில் உகரம் அகரமாகத் திரிய, அது திருப்பத்தூர் ஆயிற்று. வடக்கிலுள்ள ஊருக்கோ, பத்துத் திருவூர்களின் தொகுதி என்று பொருள் கூறும் வழக்கு உள்ளது. ஒலி ஒன்றுபட்டதால் பொருளும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழையாகும்.

உரோமன் எழுத்து இக்குழப்பத்தை மேலும் பெருக்குகிறது. திருச்சிராப்பள்ளிக்கு அருகே, முற்காலத்தில் திருப்பிடவூர் எனப்பட்ட ஊர் இன்று திருப்பட்டூர் என வழங்குகிறது. தமிழில் தகரமும் டகரமும் வேறு. உரோமன் எழுத்தில் இரண்டிற்கும் ஒரே குறி. எனவே, தமிழில் இரண்டாக இருக்கும் ஐயம் ஆங்கில ஆவணத்தில் மூன்றாகிறது.

இனி, மாவட்டப் பெயர் இருந்தால் போதுமா? அதுவும் காலந்தோறும் மாறியுள்ளது. வடக்குத் திருப்பத்தூர் முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1911இல் வட ஆற்காட்டோடு சேர்க்கப்பட்டது. பின்னர் வேலூர் மாவட்டத்தில் இருந்து, 2019இல் தன் பெயரிலேயே அமைந்த மாவட்டத்தின் தலைநகராயிற்று. தெற்குத் திருப்பத்தூர் மதுரை மாவட்டத்திலிருந்து 1910இல் இராமநாதபுரத்திற்கும், 1985இல் சிவகங்கைக்கும் உரியதாயிற்று. ஆகவே 'சேலம் மாவட்டம், திருப்பத்தூர்' என்னும் பழைய முகவரியை இன்றைய சேலம் வரைபடத்தில் தேடுபவர் ஏமாற்றமே அடைவர். ஆண்டறியாமல் மாவட்டத்தை மட்டும் நம்புதல் கூடாது.

வரலாற்றுப் பாடத்திலும் இதே இடர் நேர்கிறது. மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட இடம் திருப்பத்தூர் என்று படிக்கும் மாணவன், வடக்குத் திருப்பத்தூரை எண்ணிக்கொள்ளலாம். சிவகங்கைச் சீமையின் போராட்டம் அதன் மண்ணிலிருந்தே பிரிந்துவிடும்.

நம் முன்னோர் இச்சிக்கலை அறியாதவரல்லர். அரிசிற்கரைப்புத்தூர், கடுவாய்க்கரைப்புத்தூர் எனத் தேவாரத் தலங்களை ஆற்றங்கரையால் வேறுபடுத்தினர். சோழர் கல்வெட்டுகள் ஊரைக் குறிக்கும்போது வளநாட்டையும் நாட்டையும் முன்வைத்தன. பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் இரண்டு இருப்பதால் வடக்கு, தெற்கு என அடைகொடுத்து வழங்குவதும் அதே முறைதான்.

ஆசிரியர்களுக்கு நாம் கூறவிரும்புவது இதுவே: குடும்ப வரலாறு எழுதும் மாணவர், ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதுக, அருகிலுள்ள ஆற்றையோ, மலையையோ, கோயிலையோ சேர்த்து எழுதுக, ஆவணத்தின் ஆண்டையும் குறித்துக்கொள்க. ஊரை நினைவிற்கொண்ட பாட்டியர் இன்னும் சில இல்லங்களில் உள்ளனர். அவர்களிடம் கேட்டு எழுதவேண்டிய காலம் இதுவே.